காயில் கட்டும் கடையும் பேரேடும்: ஃபர்ஸ்ட் குரூப்பா, காமர்ஸ் குரூப்பா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம் ஆலங்குடியில அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் அரசுப் பள்ளியில நல்ல மார்க். ஸ்வீட் சாப்பிட்ட கையோட பஞ்சாயத்து ஆரம்பிச்சது. அக்காவுக்கு ஃபர்ஸ்ட் குரூப் எடுத்து இன்ஜினியரிங் போகணும். அத்தானுக்கு, பொண்ணு காமர்ஸ் படிச்சு பேங்க் எக்ஸாம் எழுதினா போதும். அவ இரண்டு பேரையும் பார்த்துட்டு என்கிட்ட திரும்பிக் கேட்டா: "மாமா, ரெண்டையும் சேர்த்துப் படிக்க முடியாதா?"

காரணம் இருக்கு. அத்தான் ஐடிஐ எலக்ட்ரீஷியன். 20 வருஷத்துக்கு மேல மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கார். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கமெல்லாம் ஆழ்குழாய்க் கிணறு நம்பின விவசாயம், அதனால சப்மெர்சிபிள் மோட்டார் எரியறதுக்குக் குறைவே இல்லை. பொண்ணுக்கு அந்தக் கடையைச் சின்ன யூனிட்டா மாத்தணும், சொந்தமா மோட்டார் அசெம்பிள் பண்ணி விக்கணும்னு ஆசை. அதுக்கு மின்சாரமும் தெரியணும், கணக்கும் தெரியணும். கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்லையே.

அன்னிக்கு என்னால உடனே பதில் சொல்ல முடியலை. அதுக்கப்புறம் மூணு வாரம் தேடினது, படிச்சது, எனக்கு நானே போட்டுப் பார்த்த கணக்கு எல்லாம்தான் இந்தப் பதிவு.

முதல்ல என் கதை. நான் பி.இ. படிச்சது 1998 முதல் 2002 வரை. நுழைவுத்தேர்வு இருந்த காலம், கட்-ஆஃப் 300-க்கு. நாலு வருஷத்துல வணிகம்னு நான் பார்த்தது ஒரே ஒரு பேப்பர்: பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட். பரீட்சைக்கு முதல் ராத்திரி படிச்சு பாஸ் பண்ற பேப்பர்னு அதுக்குப் பேர். நானும் அப்படித்தான் பாஸ் பண்ணினேன். ஃபயோலோட 14 கொள்கைகளை மனப்பாடம் பண்ணினேன், அந்த ஃபயோல் யாருன்னு கேட்கவே இல்லை.

யாருன்னு இப்போ சொல்றேன். ஹென்றி ஃபயோல் பிரான்சுல சுரங்கப் பொறியாளர். திவாலாகும் நிலையில இருந்த சுரங்க, இரும்புக் கம்பெனிக்கு 1888-இல் தலைமை ஏற்று அதை நிமிர்த்தினவர். அந்த அனுபவத்தைத்தான் 1916-இல் எழுதினார். அதே புத்தகத்துல அடுத்த பக்கம் வர்ற ஃப்ரெடரிக் டெய்லர், மெக்கானிக்கல் இன்ஜினியர். இவங்களுக்கும் முன்னாடி, 1886-இல், அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்துல ஹென்றி டவுன் ஒரு கட்டுரை வாசிச்சார். இவர் யேல் பூட்டு கம்பெனி ஆள். பொறியாளன் பொருளாதாரமும் தெரிஞ்சவனா இருக்கணும், பட்டறையை நடத்துறதும் பொறியியல் மாதிரி ஒரு படிப்புதான் என்பது அவர் வாதம். எம்.ஐ.டி. 1914-இல் ஆரம்பிச்ச 'கோர்ஸ் 15' பொறியியலையும் நிர்வாகத்தையும் ஒரே இளங்கலையில வச்சது. ஆக மேனேஜ்மென்ட் என்கிற படிப்பே இன்ஜினியர்கள் பெத்த பிள்ளை. அப்புறம்தான் அது தனிக்குடித்தனம் போச்சு. இந்தியாவுல 1953-இல் கல்கத்தாவுல ஒரு மேனேஜ்மென்ட் கல்லூரி, 1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐஐஎம். இங்கே அது பெரும்பாலும் டிகிரிக்கு மேல படிக்கிற படிப்பாவே அமைஞ்சுடுச்சு.

சரி, மனப்பாடம் பண்ணினவன் என்ன ஆனான்? 2018-இல் வேலையை விட்டுட்டு, நண்பன் ஒருத்தனோட சேர்ந்து புதுக்கோட்டையில ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பிச்சேன். கடைகளுக்கும் கொப்பரை வியாபாரிகளுக்கும் பில்லிங், ஸ்டாக் கணக்கு போடுற சாஃப்ட்வேர். சாஃப்ட்வேர் நல்லா ஓடுச்சு. இதை இன்னிக்கும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

நாங்க பண்ணின முதல் காரியம் ஜிஎஸ்டி பதிவு. சேவைத் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டினாதான் பொதுவா அது கட்டாயம். நாங்க அதுக்குக் கிட்டேயே இல்லை. பில்லுல நம்பர் இருந்தா பெரிய கம்பெனி மாதிரி தெரியும்னு எடுத்தோம். ஜிஎஸ்டி எப்படி வேலை செய்யுதுன்னா, ஒரு லட்சத்துக்கு பில் போட்டா 18,000 வரி. வாடிக்கையாளர் காசு கொடுத்தாரா இல்லையான்னு அரசாங்கம் கேட்காது. பில் போட்டாச்சுன்னா அடுத்த மாசம் 20-ஆம் தேதிக்குள்ள கட்டணும். நம்ம ஊர்ல வியாபாரி உடனே காசு தர்ற வழக்கம் இல்லை, "வெட்டு முடியட்டும் தம்பி" என்பார். அக்டோபர் கடைசியில எங்களுக்கு வரவேண்டிய பாக்கி 6 லட்சம். அதுக்கான வரி 1,08,000-த்தை எங்க சேமிப்புல இருந்து கட்டியிருந்தோம். புத்தகப்படி நாங்க லாபத்துல இருந்தோம். எக்செல்லுல பச்சைக் கலர் அடிச்சு வச்சிருந்தேன்.

நவம்பர் 16 அதிகாலை கஜா புயல். நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு அந்த ராத்திரியைப் பத்தி விளக்க வேண்டியதில்லை. தென்னை வேரோட சாய்ஞ்சது. கிராமங்கள்ல கரண்ட் வர வாரக்கணக்காச்சு. 20 வருஷ மரத்தைப் பறிகொடுத்தவங்ககிட்ட போய் சாஃப்ட்வேர் பாக்கியைக் கேட்கிற முகம் எனக்கில்லை. 2019 ஜூன்ல கடையை மூடினோம். நண்பன் சென்னைக்குப் போயிட்டான், நான் பழையபடி வேலைக்கு.

அத்தான் கடையும் அதே புயலைப் பார்த்த கடைதான். போஸ்ட் மரம் விழுந்து கூரையே போச்சு. ஆனா கடை மூடலை. ஏன் மூடலைன்னு அப்போ எனக்குப் புரியலை, அதிர்ஷ்டம்னு நினைச்சேன். இந்த மூணு வாரத்துலதான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கணக்கு சுலபமா இருக்கணும்னு ரவுண்டா எடுத்துக்கிறேன். ஒரு மோட்டார் காயில் கட்ட 4,000 ரூபாய் பில். காப்பர் வயர், வார்னிஷ், பேரிங், ஆள் கூலி எல்லாம் சேர்த்து செலவு 2,500. மாசம் 10 மோட்டார். லாபம் மாசம் 15,000. இப்போ எல்லாத்தையும் மூணு மாசக் கடனுக்குக் கொடுத்தா? முதல் மூணு மாசமும் மாசம் 25,000 கையிலிருந்து போகும், உள்ளே எதுவும் வராது. 75,000 ரூபாய் ஊர்ல மாட்டிக்கிட்டு நிக்கும். நாலாவது மாசம்தான் முதல் காசு. சரி, தொழில் நல்லாப் போகுது, மாசம் 20 மோட்டார் ஆகுதுன்னு வைங்க. மாட்டிக்கிட்டு நிக்கிற காசு ஒன்றரை லட்சம். வியாபாரம் ரெட்டிப்பாகுது, அந்த நேரம் பார்த்துக் கைக்காசு காணாமப் போகுது. லாபத்துல இருக்கிற கடை மூடுறது இப்படித்தான்.

சாஃப்ட்வேர்க்காரங்களுக்கு இந்தக் கணக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கணும். இது லிட்டில்ஸ் லா. ஒரு வரிசையில காத்துக்கிட்டு இருக்கிறவங்க எண்ணிக்கை, அவங்க வர்ற வேகத்தையும் ஒருத்தர் காத்திருக்கிற நேரத்தையும் பெருக்கினா கிடைக்கும். 1961-இல் ஜான் லிட்டில் நிரூபிச்சது. சர்வர்ல எத்தனை ரிக்வெஸ்ட் தேங்கும்னு நான் தினம் இதை வச்சுத்தான் பார்க்கிறேன். மாசம் 25,000 வேகம், மூணு மாசம் காத்திருப்பு, தேங்குற காசு 75,000. காமர்ஸ் கட்டடத்துல இதுக்குப் பேர் ஒர்க்கிங் கேபிடல். கணக்கு ஒண்ணு, கட்டடம் ரெண்டு. எனக்கு ஒரு கட்டடத்துல மட்டும் சொல்லிக் கொடுத்தாங்க, அதனால என் சொந்தக் கம்பெனியில அதைப் பார்க்கிற கண்ணு எனக்கு இல்லாமப் போச்சு.

அத்தானுக்கு லிட்டில் யாருன்னு தெரியாது. ஆனா பாதி அட்வான்ஸ் வாங்காம மோட்டாரைப் பிரிக்க மாட்டார். மேலே போட்ட கணக்குல 2,000 அட்வான்ஸைச் சேர்த்துப் பாருங்க: மாசம் கையிலிருந்து போறது 5,000 மட்டும், தேங்குறது 15,000. அவ்வளவுதான் அவர் கடையைக் காப்பாத்தினது. காப்பர் வயர் ஒரு வாரத்துக்கு மேல ஸ்டாக் வைக்க மாட்டார், அதையும் ரொக்கத்துக்குத்தான் வாங்குவார். எங்கே கத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன். "ஐடிஐ முடிச்சு நாலு வருஷம் திருச்சியில ஒரு கடையில நின்னேன் மாப்ளே. வேலையை வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். காசை முதலாளி திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தார்."

இப்படி நின்னு கத்துக்கிற முறைக்கு நம்ம மாவட்டத்துல ஒரு பெரிய மரபே இருக்கு. இராயவரம், கோனாபட்டு, பனையப்பட்டி, குழிபிறை, விராச்சிலை பக்கம் போனவங்களுக்கு அந்தப் பெரிய வீடுகள் தெரியும். செட்டிநாடுன்னா காரைக்குடி மட்டும்னு வெளியூர்ல நினைக்கிறாங்க, அதுல நல்ல பங்கு பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்துல இருந்தது. நகரத்தார் பையன்கள் சின்ன வயசுலேயே கணக்குப் படிப்பாங்க. அரைக்கால், மாகாணி, காணி, 320-இல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் மனக்கணக்கு. அப்புறம் பர்மாவுலயோ மலாயாவுலயோ ஒரு கடைக்குப் பெட்டியடிப் பையனாப் போவாங்க. காசுப் பெட்டி பக்கத்துல உட்கார்ந்து எடுபிடி வேலை, கூடவே பேரேடு எழுதப் பழகுறது. கொஞ்சம் தேறினா அடுத்தாள், அதுக்கு மேல ஏஜெண்டு. பொதுவா மூணு வருஷம் ஒரு கணக்கு, அது முடிஞ்சா ஊருக்கு வரலாம். இப்போ காலேஜ்ல இன்டர்ன்ஷிப்னு ஆறு வாரம் சர்டிஃபிகேட் வாங்குறதை நினைச்சா எனக்குச் சிரிப்பு வருது.

இந்த முறை எவ்வளவு பெருசா வளர்ந்ததுன்னா, 1930 வாக்குல பர்மாவுல மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள், அதுல ஓடின முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய்னு பர்மா வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அன்றைய 75 கோடி.

ஆனா இதைப் புகழ்ந்துட்டு மட்டும் போக முடியாது. உலகப் பொருளாதார மந்தத்துல அரிசி விலை விழுந்ததும் கடன் வாங்கின விவசாயிங்களால கட்ட முடியலை, நிலம் கடைக்காரங்க கைக்கு வந்தது. கீழ் பர்மாவோட முக்கியமான நெல் மாவட்டங்கள்ல 1930-இல் செட்டியார்கள் கையில இருந்த நிலம் சுமார் 6 சதவீதம், 1938-இல் 25 சதவீதம். பேரேட்டுல சொத்து ஏறுது, பெட்டியில காசு இல்லை. அங்கே நிலத்தை இழந்தவங்க கோபமும் சேர்ந்தது. அப்புறம் யுத்தம், பர்மா சுதந்திரம், நிலச் சட்டங்கள், எல்லாம் போச்சு. கணக்குல புலியா இருந்தவங்களையும் தேக்கம் பிடிச்சது. அதனால பேரேடு தெரிஞ்சா எல்லாம் தெரியும்னு காமர்ஸ்காரங்க என்கிட்ட சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

அதே சமூகத்துல பிறந்த கோட்டையூர் அழகப்பச் செட்டியார் கதை இங்கே பொருந்தும். 1909-இல் பிறந்தவர், ஆங்கில எம்.ஏ., லண்டன்ல வங்கிப் பயிற்சி, பாரிஸ்டர். முழுக்க வணிகத்துல ஆள். அவர் காசைக் கொண்டுபோய்ப் போட்டது எங்கேன்னா தொழில்நுட்பத்துல: 1944-இல் கிண்டியில ஏ.சி. டெக், 1952-இல் காரைக்குடியில பொறியியல் கல்லூரி, அதுக்கு நடுவுல மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும். வட்டித் தொழில் மட்டும் இனி சோறு போடாதுன்னு அவர் கணக்குப் போட்டிருக்கணும், இது என் ஊகம்தான்.

சரி, பாப்பா விஷயத்துக்கு வருவோம். நான் தேடினதுல முக்கியமாத் தெரிஞ்சது, இந்த இரண்டு படிப்புக்கும் நடுவுல இருக்கிற கதவு ஒரு பக்கம் மட்டும்தான் ஈஸியாத் திறக்கும். காமர்ஸ் குரூப் எடுத்தா, அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வுல பி.இ. வழக்கமான வழியில கிடைக்காது, அதுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மார்க் வேணும். வணிகக் கணிதத்தை அந்தக் கணிதமா எடுத்துக்க மாட்டாங்க. ஆனா பி.இ. முடிச்சவ எம்.பி.ஏ. போகலாம். 60 சதவீதம் இருந்தா சி.ஏ. இன்டர்மீடியட்டுக்கே நேரடியாப் போகலாம், ஃபவுண்டேஷன் தேவையில்லை. இது நியாயமான்னு கேட்டா, இல்லை. 15 வயசுல ஒரு ஃபாரத்துல டிக் பண்ணினதுக்காக ஒரு கதவு சாத்துறது எனக்குப் பிடிக்கலை. ஆனா இருக்கிற பூட்டைப் பார்த்துத்தானே சாவி எடுக்கணும். கஷ்டமானதை, திரும்ப வர முடியாததை முதல்ல படி, கணக்கை அது கூடவே கத்துக்கோன்னு சொன்னேன்.

கூடவேன்னா எப்படி? அண்ணா பல்கலைக்கழகத்தோட 2021 விதிமுறைகள்ல மைனர் டிகிரின்னு ஒண்ணு வந்தது. பி.இ.யோட 18 கிரெடிட் கூடுதலாப் படிச்சா தொழில்முனைவு, ஃபின்டெக், பிசினஸ் டேட்டா அனலிடிக்ஸ் மாதிரி ஒரு துறை சேரும். ஏறக்குறைய ஆறு பேப்பர். எல்லாக் கல்லூரியிலும் எல்லாப் பிரிவையும் நடத்துறாங்கன்னு நினைச்சுடாதீங்க. சேர்றதுக்கு முன்னாடி, "இந்த வருஷம் எத்தனை பேர் மைனர் படிக்கிறாங்க, யார் எடுக்கிறாங்க?"ன்னு கேளுங்க. பதில் தடுமாறினா புரிஞ்சுக்கலாம். தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு விதி வேற.

ஏற்கெனவே காமர்ஸ் எடுத்துட்ட பிள்ளைங்களோட அப்பா அம்மா இதைப் படிச்சு வருத்தப்பட வேண்டாம். சென்னை ஐஐடி ஆன்லைன்ல நடத்துற டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்புல பிளஸ் டூ எந்தக் குரூப்பா இருந்தாலும் சேர முயற்சி பண்ணலாம், பத்தாம் வகுப்புல கணிதமும் ஆங்கிலமும் படிச்சிருந்தாப் போதும். நாலு வாரம் பாடம் நடத்தி அதுலேயே ஒரு தகுதித் தேர்வு. டிப்ளமா நிலையில பிசினஸ் டேட்டா மேனேஜ்மென்ட் உள்ளேயே வருது. ஊர்ல பி.காம். படிச்சுக்கிட்டே இதையும் படிக்கலாம், ஆனா வேலைப்பளு விளையாட்டில்லை. இன்னொரு வழி பத்தாவதுக்கு மேல பாலிடெக்னிக்: மூணு வருஷ டிப்ளமா, அப்புறம் பி.இ. இரண்டாம் ஆண்டுல நேரடியாச் சேரலாம். கை வேலை பிடிச்சவங்களுக்கு இது நல்ல வழி. அத்தான் கூட இதைத்தான் கடைசியில யோசிச்சார். பாப்பா ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளி, பன்னிரண்டு வரைக்கும் அங்கேயே படிச்சா பொறியியல்ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் உண்டு. அது டிப்ளமா வழியில கிடைக்காதேன்னு பிளஸ் டூவையே வச்சுக்கிட்டோம்.

பி.இ. முடிச்ச உடனே எம்.பி.ஏ.ங்கிறதுல எனக்கு நம்பிக்கை குறைவு. திருச்சி ரோட்டுல வர்றப்போ சின்ன சூரியூர்ல ஐஐஎம் கட்டடம் தெரியும், 2011-இல் வந்தது. அந்த மாதிரி இடத்துல கிடைச்சா யோசிக்கவே வேண்டாம், போயிடணும். மத்தபடி, இரண்டு வருஷம் எங்கேயாவது வேலை பார்த்து, காசு எங்கே தேங்குதுன்னு கண்ணால பார்த்துட்டுப் போனாத்தான் அந்தப் பாடம் மண்டையில ஏறும். ஃபயோலை அவர் வயசுக்கு முன்னாடியே படிச்சவன் சொல்றேன்.

பாப்பா இப்போ பதினொண்ணாவது, கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கிற குரூப். நான் அவளுக்குக் கொடுத்த வணிகப் பாடப் புத்தகம் அரசோட பதினொண்ணாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகம்தான். நெட்ல சும்மா கிடைக்குது, தமிழ்ல நல்லாவே எழுதியிருக்காங்க. அதை வச்சுக்கிட்டு சனிக்கிழமை சனிக்கிழமை கடையோட பாக்கி நோட்டைப் பேரேடா மாத்திக்கிட்டு இருக்கா. ஒவ்வொரு பேருக்கும் எத்தனை நாள் பாக்கின்னு ஒரு காலம் போட்டிருக்கா, அது அவளே யோசிச்சது. ஒரு வருஷத்துக்கு மேல நிக்கிற பேருக்கெல்லாம் மஞ்சள் கோடு.

போன வாரம் போன் பண்ணினா. மஞ்சள் கோடு 11 பேருக்கு வந்திருக்கு. அப்பாகிட்ட காட்டினாளாம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மெதுவாப் படிச்சுட்டு, அதுல மூணு பேரை மட்டும் அடிச்சுடச் சொன்னாராம். "ஏன்ப்பா?"ன்னு கேட்டதுக்கு, "அவங்க தென்னை எல்லாம் கஜாவுல போச்சு. பழைய நோட்டுல இருந்து நான்தான் இதுல ஏத்தி எழுதினேன், ஏத்தியிருக்கக் கூடாது"ன்னாராம்.

"மாமா, அடிச்சா அதை எந்தக் கணக்குல எழுதணும்?"னு கேட்டா. வாராக்கடன்னு அந்தப் புத்தகத்துலேயே இருக்கு, பாருன்னு சொன்னேன்.